நிறை சரியாக வந்தால் மட்டும் போதாது: துகள் சிதைவு சிமுலேஷனில் குறிப்பாயப் பிழைகளைப் பிடிக்கும் முறை

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளத்தூரில் எங்கள் வீட்டு முகப்புப் பட்டாலையில் ஐந்தாறு பிள்ளைகள் லேப்டாப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். காரைக்குடி, கோட்டையூர், புதுவயல் பக்கங்களிலிருந்து வருகிறவர்கள், எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறார்கள். கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து ஞாயிறு காலையை இவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். புதுவயல் பெண் தன் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"ஆச்சி, பீக் கரெக்டா 139.57-ல வந்திருச்சு."

அவள் எழுதியிருந்தது ஒரு சின்ன மான்டி கார்லோ, அதாவது ரேண்டம் எண்களை வைத்து நிகழ்வுகளைப் பிறப்பிக்கும் சிமுலேஷன். 1000 எம்இவி உந்தத்தோடு பறக்கும் நேர்மின் பையான் என்ற துகள் வழியிலேயே மியூவான், நியூட்ரினோ என்ற இரண்டு துகள்களாகச் சிதைகிறது. (எம்இவி என்பது ஆற்றலின் அலகு; ஒளிவேகத்தை ஒன்று என்று வைத்து நிறையையும் உந்தத்தையும் அதிலேயே சொல்கிறோம்.) பிறந்த இரண்டின் நால்வெக்டர்களையும் (ஆற்றலும் மூன்று உந்தக் கூறுகளும் சேர்ந்த நான்கு எண்கள்) கூட்டி, மாறா நிறையைக் கணக்கிட்டு, ஹிஸ்டோகிராம் போட்டிருந்தாள். ஒரு லட்சம் நிகழ்வுகளும் பையானின் நிறையான 139.57 எம்இவியில் ஒரே கோடாக நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"மியூவானோட ஆற்றல் எவ்வளவுன்னு பத்து நிகழ்வுக்கு அச்சடிச்சுப் பாரும்மா" என்றேன்.

முதல் வரியிலேயே பதினோராயிரத்துச் சொச்சம் எம்இவி. பையானின் மொத்த ஆற்றலே 1009.7 எம்இவிதான். அதிலிருந்து பத்து மடங்குக்கு மேல் ஆற்றலுள்ள மியூவான் எங்கிருந்து வரும்? அவள் முகம் வாடிவிட்டது. ஆனால் இதில் அவளுடைய அறியாமை ஒன்றும் இல்லை. அவள் செய்த சோதனைக்கு இந்தப் பிழையைப் பார்க்கும் கண்ணே கிடையாது. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் முப்பது வருடங்களில் நான் திருத்திய சிதைவு சிமுலேஷன்களில் பெரும்பாலானவை இதே சோதனையை மட்டும் செய்துவிட்டு நின்றவை.

மாறா நிறை என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. குறிப்பாயம் என்றால் எந்த வேகத்தில் நகர்கிறவரின் பார்வையிலிருந்து அளக்கிறோம் என்பது. எந்தக் குறிப்பாயத்திலிருந்து பார்த்தாலும் அது மாறாது. ஆகவே பிறந்த துகள்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலச் செய்யும் எந்தக் குறிப்பாயத் தவறும் அதில் தெரியாது. ஆய்வகக் குறிப்பாயத்துக்கு மாற்றவே மறந்துவிட்டீர்களா? நிறை 139.57. எதிர்த் திசையில் மாற்றிவிட்டீர்களா? அப்போதும் 139.57. அந்தப் பெண் செய்ததுபோல இரண்டு முறை மாற்றினாலும் அதே 139.57. சிதைவின் உள்கணக்கு, அதாவது பிறந்த துகள்களின் ஆற்றலும் உந்தமும் தாய்த்துகளின் ஓய்வுக் குறிப்பாயத்தில் (அந்தத் துகள் அசையாமல் நிற்பதாகத் தெரியும் குறிப்பாயத்தில்) பொருந்துகின்றனவா என்பதை மட்டுமே அந்த ஹிஸ்டோகிராம் சொல்லும்.

எங்கள் ஐயா பர்மாவிலும் பினாங்கிலும் லேவாதேவி பார்த்தவர். அவருடைய பேரேடுகள் இரண்டாம் கட்டு அறையில் மரப்பெட்டிக்குள் இன்னும் இருக்கின்றன. ரங்கூன் ஏட்டில் எல்லாம் ரூபாய், பினாங்கு ஏட்டில் எல்லாம் வெள்ளி. ஊருக்கு வந்து ஐந்தொகை போடும்போது வெள்ளியை ரூபாயாக மாற்றி எழுதியிருப்பார்கள். மாற்றிய பக்கத்தின் தலைப்பில் இது மாற்றிய கணக்கு என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் அதை வெள்ளி என்று நினைத்து மறுபடியும் மாற்றிவிடலாம். அப்படி மாற்றினாலும் பற்றும் வரவும் ஒரே மடங்கில் பெருகும். ஏடு தனக்குள் சரியாகவே நிற்கும். அன்று அந்தப் பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டினேன். குறிப்பாயம் என்பதை இதைவிட நன்றாக விளக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

முதலில் பெயரில் எழுதுங்கள்

ஒவ்வொரு நால்வெக்டரின் மாறிப் பெயரிலும் அது எந்தக் குறிப்பாயத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். வெறும் 'மியூ' என்று எழுதாதீர்கள். 'மியூ_பையானில்', 'மியூ_லேபில்' என்று எழுதுங்கள். பைத்தான் 3 மாறிப் பெயர்களில் தமிழ் எழுத்தை ஏற்றுக்கொள்ளும். எங்கள் பிள்ளைகள் சிலர் இப்படியே எழுதுகிறார்கள். 'லேபில்' என்று முடியும் வெக்டரையும் 'பையானில்' என்று முடியும் வெக்டரையும் ஒரே வரியில் கூட்டியிருந்தால் படிக்கும்போதே கண்ணில் உறுத்தும். குறிப்பாயம் மாறும் இடத்தில் பெயரும் மாற வேண்டும். பழைய மாறியின் மேலேயே புதிய மதிப்பை எழுதுவதுதான் இரட்டை மாற்றத்துக்கு முதல் காரணம்.

இதை ஒழுங்கு, அழகு என்று எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் மூன்று வாரக் கணக்கு வீணானது. காரணம், ஒருவர் எழுதிய 'பி' என்ற மாறியை இன்னொருவர் வேறு குறிப்பாயத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டதுதான்.

சிதைவைத் தாயின் ஓய்வுக் குறிப்பாயத்தில் செய்யுங்கள்

பையான் ஓய்வில் இருக்கும்போது சிதைவு மிக எளிமையானது. இரண்டு துகள்களும் எதிரெதிரே, ஒரே அளவு உந்தத்தோடு போகும். பையான் நிறையின் வர்க்கத்திலிருந்து மியூவான் நிறையின் வர்க்கத்தைக் கழித்து, பையான் நிறையின் இரு மடங்கால் வகுத்தால் அந்த உந்தம் கிடைக்கும். பையான் 139.57, மியூவான் 105.66 என்று போட்டால் 29.79 எம்இவி. நியூட்ரினோவுக்கு நிறை கிட்டத்தட்ட இல்லை, அதனால் அதன் ஆற்றலும் 29.79 எம்இவிதான். மியூவானின் ஆற்றல் 109.78 எம்இவி.

இனி திசை. பையானுக்குச் சுழற்சி (ஸ்பின்) இல்லை, ஆகவே எல்லாத் திசைகளும் சமம். இங்கே ஒரு பழைய தவறு: கோணத்தை 0 முதல் 180 டிகிரி வரை சீராக எடுப்பது. கோணத்தின் கொசைனைத்தான் −1 முதல் +1 வரை சீராக எடுக்க வேண்டும், சுற்றுக்கோணத்தை 0 முதல் 360 டிகிரி வரை. இது குறிப்பாயப் பிழை அல்லதான், ஆனால் குறிப்பாயப் பிழை போலவே வேடம் போட்டு வரும். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

"ஓய்வுக் குறிப்பாயத்தில் எல்லாத் திசையும் சமம்" என்பதை ஆய்வகக் குறிப்பாயத்தில் செயல்படுத்துகிறவர்களும் உண்டு. ஆய்வகத்தில் ஒரு திசையைச் சீராகத் தேர்ந்தெடுத்து, பிறகு ஆற்றலைப் பொருத்த முயல்வார்கள். அதைச் செய்யவே கூடாது. வேகமாகப் பறக்கும் பையானின் சிதைவு ஆய்வகத்தில் முன்பக்கமாகக் குவிந்திருக்கும்.

மாற்றும் கருவியைத் தனியாகச் சோதியுங்கள்

பூஸ்ட் செய்யும், அதாவது ஒரு குறிப்பாயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும், சார்பைச் சிதைவோடு சேர்த்துச் சோதிக்காதீர்கள். முதலில் ஓய்வில் இருக்கும் பையானை மட்டும் அதில் போடுங்கள்: ஆற்றல் 139.57, உந்தம் சுழி. வெளியே வர வேண்டியது ஆற்றல் 1009.69, இசட் அச்சில் உந்தம் +1000. −1000 வந்தால் குறி தவறு. 1000 வராமல் வேறு எண் வந்தால், பூஸ்டுக்குத் திசைவேகத்துக்குப் பதில் உந்தத்தையோ, பீட்டாவுக்குப் பதில் பீட்டா காமாவையோ கொடுத்திருப்பீர்கள். (பீட்டா என்பது துகளின் வேகம் ஒளிவேகத்தில் எத்தனை பங்கு என்பது; காமா என்பது அதன் ஆற்றலை நிறையால் வகுத்தது; பீட்டா காமா இரண்டின் பெருக்கல்.)

அப்புறம் ஒரு நுணுக்கம். காமாவை "ஒன்று கழித்தல் பீட்டா வர்க்கம்" என்ற சூத்திரத்திலிருந்து கணக்கிடாதீர்கள்; ஆற்றலை நிறையால் வகுத்து எடுங்கள். 1 டிஇவி (பத்து லட்சம் எம்இவி) உந்தமுள்ள பையானுக்குக் காமா 7165 வரும். அப்போது பீட்டா ஒன்றிலிருந்து பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவே குறைவு. 32 பிட் எண்ணில் அது ஒன்றாகவே உருண்டுவிடும், சுழியால் வகுக்க வேண்டி வரும். 64 பிட் எண்ணில் தாங்கும், ஆனாலும் இந்தப் பழக்கம் வேண்டாம்.

நீங்கள் பயன்படுத்தும் நூலகம் எதைத் திருப்பித் தருகிறது?

புதுவயல் பெண்ணின் பிழை இங்கேதான் இருந்தது. செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் உருவான, தரவுகளை ஆராயும் ரூட் மென்பொருளில் 'டிஜென்ஃபேஸ்ஸ்பேஸ்' என்று ஒரு வகுப்பு உண்டு. தாய்த்துகளின் நால்வெக்டரை நீங்கள் எந்தக் குறிப்பாயத்தில் கொடுக்கிறீர்களோ, பிறந்த துகள்களையும் அதே குறிப்பாயத்திலேயே அது திருப்பித் தரும். சிதைவை ஓய்வில் நடத்தி, பூஸ்டையும் தானே செய்து முடித்துவிடுகிறது. அவள் பையானின் ஆய்வக நால்வெக்டரைக் கொடுத்தாள்; வந்தவை ஓய்வுக் குறிப்பாயத்தில் இருப்பதாக நினைத்து மறுபடியும் பூஸ்ட் செய்தாள். 1009.69 எம்இவி மொத்த ஆற்றல் 14,469 எம்இவியாக வீங்கிவிட்டது.

துகள்கள் பொருளுக்குள் போவதைச் சிமுலேஷன் செய்யும் ஜீயான்ட்4 மென்பொருள் வேறு மாதிரி. அதில் சிதைவு வழியைக் குறிக்கும் வகுப்பு, துகள்களைத் தாயின் ஓய்வுக் குறிப்பாயத்தில் தருகிறது. அதை அழைக்கும் சிதைவுச் செயல்முறைதான் பின்னால் பூஸ்ட் செய்கிறது. முழு சிமுலேஷனை ஓட்டுகிறவருக்கு இது தெரிய வேண்டியதில்லை. ஆனால் யாராவது சொந்தமாக ஒரு சிதைவு வழியை எழுதி, அதற்குள்ளேயே பூஸ்டையும் செய்துவிட்டால், வெளியே இன்னொரு முறை நடக்கும்.

ரூட்டின் 'டிலோரன்ட்ஸ்வெக்டர்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் பூஸ்ட் புதிய வெக்டரைத் தருவதில்லை, இருக்கும் வெக்டரையே மாற்றிவிடும். பைத்தானில் ஒரு வெக்டரை இன்னொரு பெயருக்குச் சமமாக எழுதினால் நகல் உருவாகாது. இரண்டு பெயரும் ஒரே பொருளைச் சுட்டும். ஒன்றை பூஸ்ட் செய்தால் இரண்டும் மாறும். நகல் வேண்டுமென்றால் நகலென்று கேட்டு வாங்குங்கள். தாயின் பூஸ்ட் திசைவேகத்தை அப்படியே கொடுத்தால் ஓய்விலிருந்து ஆய்வகத்துக்குப் போகிறோம். ஓய்வுக்கு வர எதிர்க்குறி போட வேண்டும். இந்தக் குறியை நினைவில் வைத்திருக்க முயலாதீர்கள். மேலே சொன்ன ஒற்றைப் பையான் சோதனையை ஒவ்வொரு முறையும் ஓட்டிவிடுங்கள், அரை நிமிடம்தான்.

நான்கு கூறுகளையும் தாயோடு ஒப்பிடுங்கள்

இதுதான் நிறைச் சோதனைக்குப் பதிலாக நான் கட்டாயமாகச் செய்யச் சொல்வது. பிறந்த துகள்கள் எல்லாவற்றின் ஆய்வக நால்வெக்டர்களையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையின் ஆற்றல், மூன்று உந்தக் கூறுகள், ஆக நான்கும் தனித்தனியாகத் தாயின் நால்வெக்டரோடு பொருந்த வேண்டும். பூஸ்ட் மறந்தாலும் எதிர்த்திசையில் செய்தாலும் இரண்டு முறை செய்தாலும் இதில் தப்பாது. எதிர்த்திசையில் செய்தால் ஆற்றல் சரியாக வந்து உந்தத்தின் குறி மட்டும் மாறியிருக்கும், அதனால்தான் ஆற்றலை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது என்கிறேன்.

தாயை இசட் அச்சிலேயே விட்டுச் சோதிக்காதீர்கள். மூன்று கூறுகளும் வெவ்வேறாக இருக்கும்படி சாய்த்து விடுங்கள். இசட் அச்சில் மட்டும் வேலை செய்யும் நிரல் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

இதற்கு அடுத்து, கோணங்கள் சரியா என்று பார்க்கும் சோதனை. ஆய்வகத்தில் மியூவானின் ஆற்றல் = காமா × (109.78 + பீட்டா × 29.79 × கொசைன்). கொசைன் சீராகப் பரவியிருப்பதால் ஆற்றலும் சீராகப் பரவ வேண்டும். நம்முடைய பையானுக்குக் காமா 7.234, பீட்டா 0.9904. ஆகவே மியூவான் ஆற்றலின் ஹிஸ்டோகிராம் 581 முதல் 1008 எம்இவி வரை மேசை போலத் தட்டையாக இருக்க வேண்டும். நியூட்ரினோவுக்கு 2 முதல் 429 எம்இவி வரை. இரண்டு ஓரங்களிலும் கொம்பு முளைத்திருந்தால், கொசைனுக்குப் பதில் கோணத்தைச் சீராக எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கோணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பையான் ஓய்வுக் குறிப்பாயத்தில் மியூவானின் வேகம் ஒளியின் வேகத்தில் 0.271 பங்குதான், பையானின் வேகமோ 0.990. அதனால் எந்த மியூவானும் ஆய்வகத்தில் பின்னோக்கிப் போக முடியாது. பெரும்பட்சக் கோணத்தின் சைன், 29.79ஐ மியூவான் நிறையாலும் பையானின் பீட்டா காமாவாலும் வகுத்தால் வரும்: 0.0394, அதாவது 2.25 டிகிரி. ஒரு லட்சத்தில் ஒரே ஒரு மியூவான் மூன்று டிகிரியில் போயிருந்தாலும் நிரலில் பிழை இருக்கிறது. ஹிஸ்டோகிராம் வேண்டாம், பெரும எண்ணை மட்டும் அச்சடித்தால் போதும்.

ஆயுள் யாருடைய கடிகாரத்தில்?

பையானின் சராசரி ஆயுள் 26.03 நானோ விநாடி என்று அட்டவணையில் இருக்கிறதே, அது பையானோடு கூடவே போகும் கடிகாரத்தின் நேரம். ரேண்டம் எண்ணை வைத்து அடுக்குக்குறிப் பரவலில் ஒரு நேரத்தை எடுக்கும்போது அந்தக் கடிகாரத்தில்தான் எடுக்கிறோம். ஆய்வக நேரம் வேண்டுமானால் காமாவால் பெருக்க வேண்டும். ஆய்வகத்தில் பறந்த தூரம் வேண்டுமானால் அந்த நேரத்தை ஒளிவேகத்தாலும் பீட்டா காமாவாலும் பெருக்க வேண்டும். ஒரே ஒரு முறை.

ஓய்வு ஆயுளை ஒளிவேகத்தால் பெருக்கினால் பையானுக்கு 7.80 மீட்டர். நம் பையானுக்கு பீட்டா காமா 7.165, ஆக சராசரி தூரம் 55.9 மீட்டர். பத்தாயிரம் நிகழ்வுகளின் சராசரி இதிலிருந்து அரை மீட்டர், அதிகம் போனால் ஒன்றரை மீட்டர் விலகலாம். 7.7 மீட்டர் வந்தால் காமாவை விட்டுவிட்டீர்கள். 404 மீட்டர் வந்தால் இரண்டு முறை போட்டுவிட்டீர்கள். விலகல் எத்தனை மடங்கு என்று காமாவோடு ஒப்பிட்டாலே எந்த வரியில் பிழை என்று தெரிந்துவிடும்.

இந்தக் காமா எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் தலைக்கு மேலேயே சாட்சி இருக்கிறது. காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் மோதி மியூவான்களை உண்டாக்குகின்றன. மியூவானின் ஆயுள் 2.197 மைக்ரோ விநாடி. ஒளிவேகத்தால் பெருக்கினால் 659 மீட்டர். காமா இல்லாமல் கணக்குப் போட்டால் ஆயிரம் கோடியில் ஒன்றோ இரண்டோதான் தரைக்கு வரும். 4 ஜிஇவி (4000 எம்இவி) மியூவானுக்குக் காமா 38 அளவு. வழியில் இழக்கும் ஆற்றலை விட்டுவிட்டுப் பார்த்தால் அதன் சராசரி தூரம் 25 கிலோமீட்டர், பாதிக்கு மேல் வந்து சேரும். வேகமாகப் போகும் இந்தத் துகள் கூடுதல் காலம் வாழும், அது சார்பியலுக்கு ஒரு நேரடிச் சோதனையாகும் என்று ஹோமி பாபா 1938லேயே எழுதினார். 1941ல் ரோசியும் ஹாலும் அளந்தார்கள். ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வின் 560 சதுர மீட்டர் மியூவான் கருவிக்குள் இன்றைக்கும் அவை வந்து விழுந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

துகள் பொருளுக்குள் போய் வேகம் குறைந்துகொண்டே வந்தால், ஆரம்பத்திலேயே தூரத்தைத் தீர்மானித்துவிடாதீர்கள். துகளின் சொந்தக் கடிகாரத்தில் மீதி நேரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியிலும் அப்போதைய காமாவின்படி கழித்துக்கொண்டே வாருங்கள்.

பேத்தி பிறக்கும்போது

மியூவானும் சிதையும்: ஒரு பாசிட்ரான் (நேர்மின் எலக்ட்ரான்), இரண்டு நியூட்ரினோக்கள். சங்கிலி இப்படி நீளும்போதுதான் பிழைகள் நன்றாக ஒளிந்துகொள்கின்றன. இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

முதலாவது, ஆயுள். மியூவானின் தூரத்துக்கு மியூவானின் பீட்டா காமாவைப் போட வேண்டும். நிரலில் முன்பே கணக்கிட்டு வைத்த பையானின் காமாவையே பலர் மறுபடி எடுத்துவிடுகிறார்கள். புதுவயல் பெண்ணின் நிரலிலும் இது இருந்தது, அவளே கண்டுபிடித்தாள். இதைச் சராசரியில் பிடிக்க முடியாது. மியூவானின் சராசரிக் காமா 7.52, பையானுடையது 7.23; தூரத்தில் நூற்றுக்கு நான்குகூட வித்தியாசம் வராது. ஆற்றல்வாரியாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். 581 எம்இவி மியூவான் சராசரியாக 3.6 கிலோமீட்டர் போக வேண்டும், 1008 எம்இவி மியூவான் 6.2 கிலோமீட்டர். அவளுடைய வரைபடத்தில் எல்லா ஆற்றலுக்கும் 4.7 கிலோமீட்டரில் படுக்கைக் கோடு ஒன்று ஓடியது. மியூவானின் கடிகாரம் அது பிறந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையும், அந்தப் பிறந்த நேரமாகப் பையானின் ஆய்வக நேரத்தைத்தான் கூட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, பாசிட்ரானின் ஆற்றல். மியூவானின் ஓய்வுக் குறிப்பாயத்தில் அது 52.83 எம்இவிக்கு மேல் போகாது. அந்த ஆற்றல் எப்படிப் பரவுகிறது என்று காட்டும், மிஷெல் பரவல் என்று சொல்லும் வளைவு அந்தக் குறிப்பாயத்துக்கு மட்டும் உரியது. ஆய்வக ஆற்றலை அதில் போட்டால் வருவதற்கு எந்த அர்த்தமும் இல்லை.

மூன்றாவதுதான் கடினமானது: சுழற்சி. பையான் சிதைவில் வரும் நேர்மின் மியூவானின் சுழற்சி, பையானின் ஓய்வுக் குறிப்பாயத்தில் அது போகும் திசைக்கு நேர் எதிராக இருக்கும். மியூவான் சிதையும்போது பாசிட்ரான் அந்தச் சுழற்சித் திசையை விரும்பிப் போகும். 1957ல் கார்வின், லெடர்மன், வைன்ரிக் மூவரும் இதை அளந்து காட்டினார்கள். இங்கே நடக்கும் தவறு, "போகும் திசைக்கு எதிர்" என்பதை ஆய்வகத் திசை என்று எடுத்துக்கொள்வது. நம் மியூவான்கள் எல்லாம் ஆய்வகத்தில் 2.25 டிகிரிக்குள் முன்னோக்கித்தான் போகின்றன. ஆனால் 1008 எம்இவி மியூவான் பையானிலிருந்து முன்பக்கம் தள்ளப்பட்டது, அதன் சுழற்சி பின்னோக்கி. 581 எம்இவி மியூவான் பின்பக்கம் தள்ளப்பட்டது, அதன் சுழற்சி முன்னோக்கி. ஆய்வகத் திசையை வைத்தால் இந்த இரண்டுக்கும் ஒரே விடை வரும். நால்வெக்டர் கூட்டல் சோதனையில் இது துளியும் தெரியாது.

இதற்குள் இன்னொன்றும் இருக்கிறது. மியூவானின் ஓய்வுக் குறிப்பாயத்துக்கு இரண்டு வழிகள்: ஆய்வகத்திலிருந்து நேராகப் போகலாம், பையானின் ஓய்வுக் குறிப்பாயத்தின் வழியாகவும் போகலாம். இரண்டிலும் மியூவான் ஓய்வில்தான் இருக்கும், ஆனால் அச்சுகள் ஒன்றாக இருக்காது. வெவ்வேறு திசைகளில் அடுத்தடுத்து செய்யும் இரண்டு பூஸ்டுகள் சேர்ந்தால் ஒரு பூஸ்டும் ஒரு திருப்பமும் ஆகும். விக்னர் சுழற்சி என்பது அந்தத் திருப்பம்தான்; இதுவரை சொன்ன துகளின் சுழற்சி (ஸ்பின்) வேறு. நம் எடுத்துக்காட்டில், பையானின் ஓய்வில் செங்குத்தாகப் புறப்படும் மியூவானுக்கு அந்தத் திருப்பம் 13.7 டிகிரி. ஒரு வழியில் எடுத்த சுழற்சித் திசையை இன்னொரு வழியில் வந்த வெக்டர்களோடு கலந்தால் அந்த 13.7 டிகிரி பிழை உள்ளே வந்துவிடும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி இது. சுழற்சித் திசையை எண்ணாகத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். பையான் சிதைவில் மியூவானோடு பிறந்த நியூட்ரினோவின் நால்வெக்டரை, மியூவானை ஓய்வுக்குக் கொண்டுவந்த அதே பூஸ்ட் வழியாகக் கொண்டுவாருங்கள். அங்கே நியூட்ரினோ எந்தத் திசையில் போகிறதோ அதுதான் நேர்மின் மியூவானின் சுழற்சித் திசை. எந்த வழியில் போனாலும் இரண்டும் சேர்ந்தே திரும்பும், விடை மாறாது. பாசிட்ரானை அந்த அச்சை வைத்துப் பிறப்பித்து, போன வழியிலேயே திரும்பி ஆய்வகத்துக்கு வந்துவிடுங்கள். இரண்டு வழிகளிலும் ஓட்டி, ஆய்வகத்தில் பாசிட்ரானின் பரவல் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டால் அதுவே சோதனை.

மோதுவிப்பான் கணக்குகளில் இதற்கு மேல் இன்னொரு குறிப்பாயமும் சேரும். ஜப்பானின் சூப்பர்கெக்பி மோதுவிப்பானில் 7 ஜிஇவி எலக்ட்ரானும் 4 ஜிஇவி பாசிட்ரானும் மோதுகின்றன. மோதலின் திணிவு மையமே ஆய்வகத்தில் பீட்டா காமா 0.28 அளவுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. 'சி.எம்.' (திணிவு மையம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மாறியில் எழுதினால் மோதலின் மையமா, தாயின் ஓய்வா என்று படிக்கிறவருக்குத் தெரியாது. முழுப்பெயரையும் எழுதுங்கள்.

உங்கள் நிரலுக்கு ஒரு பரீட்சை

பையானை வைத்துத் திருத்திய நிரலை வேறு துகளில் ஓட்டிப் பார்க்காமல் நம்ப வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது லாம்டா என்ற, புரோட்டானைவிடக் கனமான துகள். நிறை 1115.68 எம்இவி, ஒளிவேகத்தால் பெருக்கிய ஆயுள் 7.89 சென்டிமீட்டர். நூற்றுக்கு 64 முறை புரோட்டானாகவும் எதிர்மின் பையானாகவும் சிதையும். உந்தம் 2000 எம்இவி, திசை மூன்று அச்சிலும் சாய்ந்ததாக. சுழற்சியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், எல்லாத் திசையும் சமம் என்று வையுங்கள்.

உங்கள் நிரல் சொல்ல வேண்டிய விடைகள்: லாம்டாவின் ஓய்வில் இரண்டுக்கும் உந்தம் 100.6 எம்இவி. ஆய்வகத்தில் புரோட்டானின் ஆற்றல் 1757 முதல் 2117 எம்இவி வரை தட்டையாக, பையானுடையது 173 முதல் 533 வரை தட்டையாக. லாம்டாவின் திசையிலிருந்து புரோட்டான் 3.4 டிகிரிக்கு மேலும், பையான் 23.7 டிகிரிக்கு மேலும் விலகாது. சராசரிச் சிதைவு தூரம் 14.1 சென்டிமீட்டர். நான்கு கூறுகளின் கூட்டுத்தொகை ஒவ்வொரு நிகழ்விலும் லாம்டாவின் நால்வெக்டர், ஆற்றல் 2290 எம்இவி.